அது யாருடைய கேள்வி?

சுவிசில் ஒருவரிடம் உடுப்புத் தோய்க்கிற நாளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதும் ஒன்று, அவருடைய பல்செற்றைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்பதும் ஒன்று. சூரிச்சில், ஓர்லிகோனில் நாங்கள் இருந்த கட்டிடத்தில் நிலவறையில் ஒரே ஒரு மெஷின். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். அந்த நாளில் காய்ச்சல் என்றாலும் கலியாணம் என்றாலும் தோய்த்தே ஆகவேண்டும். தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை அழுக்கோடு கிடக்கவேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்தில், நாள் சரியில்லை என்று சொல்லித் தோய்க்காமல் விட்ட ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். எங்களுக்கு மேல் மாடியில் இருந்தவர்.

ஒரு பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால், கட்டையான ஒரு மனுசி. தடித்த ஒற்றைப் பின்னல், பல் டொக்டரிடம் வேலை செய்கிறவர்கள் போடும் வெள்ளைச் சட்டை, காலில் ஓடுகிற சப்பாத்து. "உங்களுக்குப் புதன், எனக்கு வியாழன். இந்த முறை மட்டும் மாத்துவமோ? இந்த வியாழன் தோய்க்கிறதுக்கு நல்லாயில்லை" என்றார் ஜெர்மனில். நான் யோசிக்காமல் தமிழிலேயே "ஏன், ராகு காலமோ?" என்று கேட்டுவிட்டேன். பிறகு அவருக்கு ராகு காலத்தை ஜெர்மனில் விளங்கப்படுத்தவேண்டி வந்தது. ஐயோ, நான் பட்ட பாடு! எங்கள் பிள்ளைகளுக்கே தமிழில் சொல்லி விளங்காத விஷயம். ஆனால் மனுசி கண்ணை விரித்துக்கொண்டு கேட்டார். "உங்களிட்டையும் நேரத்துக்கு ஒரு குணம் இருக்கோ!" என்று சொல்லிக்கொண்டு, நான் கூப்பிடாமலே உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது ஜெர்மனில். அவருடைய ஜெர்மன் ஸ்பானிஷ் வாசத்தோடு, என்னுடையது மிளகாய்த்தூள் வாசத்தோடு. அதை அப்படியே எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. அதனால் அவர் சொன்னதையும் என் தமிழிலேயே எழுதுகிறேன். இரண்டாம் தேத்தண்ணியோடு அவர் என்னை "டூ" என்று கூப்பிடத் தொடங்கினார். எங்கள் பக்கத்து "நீர்" மாதிரித்தான் அது. நெருக்கமும் உண்டு, மரியாதையும் குறையாது.

அவர் குவாத்தமாலாவின் மலைப் பக்கத்து மாயா சனம். அங்கே சண்டை நடந்த காலத்தில் தப்பி வந்தவர். எங்களுக்கும் அதுதான் கதை என்பதால் அதைப் பற்றி நாங்கள் கனக்கக் கதைக்கவில்லை. அவர்களுடைய நாட்கணக்கு வேறு. இருபது பெயர், ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். திங்களுக்கும் செவ்வாய்க்கும் அதோடு ஒரு சம்பந்தமும் இல்லை. ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு ஆள். ஒன்று பாதை, ஒன்று மான், ஒன்று விதை, ஒன்று நாய், ஒன்று சாவு. "இந்த வியாழன் வலை. வலையில தோய்ச்சால் படுக்கை விரிப்பெல்லாம் சிக்கிக்கொண்டு வரும்" என்றார். பகிடியா உண்மையா என்று முகத்தில் தெரியவில்லை. நான் நாளை மாற்றிக் கொடுத்தேன். அட்டமி நவமி பார்க்கிற நான் மாற்றாவிட்டால் வேறு யார் மாற்றுவது?

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் தோய்க்கிற நாள் போகிறதும் வருகிறதுமாக இருந்தது. கட்டிடத்தைப் பார்க்கிற அப்வார்ட், திறப்புக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து எங்கள் இருவரையும் வைத்து ஒரு கூட்டமே நடத்தினார். சுவிசில் புதன் என்றால் புதன்தான் என்றார். மனுசி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இண்டைக்கு ஆர் வந்திருக்கிறார் எண்டு தெரியுமோ? நாய். நீதி நியாயத்தின்ர நாள். அதுதான் நீங்கள் இப்பிடிக் கதைக்கிறியள்" என்றார். அந்த ஆள் திகைத்துப் போனார். ஒரு மாதம் போகவில்லை, படியில் மனுசியைக் கண்டால் "இண்டைக்கு ஆர்?" என்று அப்வார்ட்டே கேட்கத் தொடங்கிவிட்டார்.

சரி, நாட்களை அறிந்தவர் என்பது ஒரு பக்கம். அதற்காக மட்டும் என்றால் நான் இதை எழுத இருந்திருக்கமாட்டேன். அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. உலகத்தில் வேறு எவரிடமும் நான் அதைக் காணவில்லை. அவரிடம் எவர் எதைக் கேட்டு வந்தாலும், முதலில் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இது ஆற்ற கேள்வி?"

சாத்திரம் பார்க்கிறவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். பிறந்த நேரத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அவர்கள் சொல்லுவார்கள், நாங்கள் கேட்போம். இவரிடம் அது நடக்காது. மேசையில் நெய்த துணி ஒன்றை விரிப்பார். மெழுகுதிரி கொளுத்துவார். அந்த மெழுகுதிரியைத்தான் வருகிறவர் கொண்டுவரவேண்டும்; வேறு ஒன்றும் வாங்கமாட்டார். ஒரு சின்னப் பையை அவிழ்த்துக் கொட்டினால் சிவப்பு விதைகள், நடுவில் கண்ணாடி மாதிரிச் சில கல். முதல்முறை கண்டபோது நான் கத்திவிட்டேன்: "இது முள்முருக்கங் கொட்டையல்லோ!" எங்கள் கலியாணவீட்டில் கன்னிக்காலுக்கு நடுகிற முள்முருக்கு. அதே மரமோ அதன் மச்சானோ தெரியாது, விதை அப்படியே இருந்தது. நாங்கள் அதை நட்டு மஞ்சள் தண்ணீர் விடுவோம் என்று சொன்னதும் அவர் எழுந்து வந்து என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினார்.

வலது உள்ளங்கையால் விதைகளைப் பரப்பிக் கலைத்துக்கொண்டே, தங்கள் மொழியில் மெல்லமாக எல்லாரையும் கூப்பிடுவார். செத்துப்போன மூத்தவர்களை, ஊர் மலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி. கடைசியில் "ஊட்லிபேர்க்" என்பார். சூரிச்சுக்கு மேலே நிற்கிற அந்தக் குட்டி மலைதான்! எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. "இஞ்சை இருந்துகொண்டு இஞ்சத்த மலையைக் கூப்பிடாட்டில் அது கோவிக்காதோ?" என்றார். பிறகு ஒரு கைப்பிடி அள்ளி, அதை நாலு நாலாகக் குவித்து வரிசையில் வைப்பார். முதல் குவியலுக்கு அன்றைய நாளின் பெயர், அடுத்ததற்கு அடுத்த நாள், இப்படியே எண்ணிக்கொண்டு போய்க் கடைசிக் குவியலில் எந்த நாள் வந்து நிற்கிறதோ, அந்த நாள்தான் பேசும். எண்ணும்போது சிலவேளை அவருடைய கெண்டைக்காலிலோ தோளிலோ ஏதோ துடிக்கும். கையை அங்கே வைத்துக்கொண்டு நிற்பார். ரத்தத்துக்குள் மின்னல் ஓடுகிறது என்பார். எங்களுக்குப் பல்லி சொல்லும், இவருக்கு ரத்தம் சொல்லுகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த நாள் பேசினதை வைத்து "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பாதை எண்டு வருது. உமக்கு இது எங்கை தொடுது?" என்று கேட்டுவிட்டு இருந்துவிடுவார். வந்தவர்கள் முதலில் முழிப்பார்கள். பிறகு கதைக்கத் தொடங்குவார்கள். கதைக்கக் கதைக்க அவர்களுக்கே தெரிந்துவிடும். இதெல்லாம் மெய்தானோ என்று ஒருநாள் நான் கேட்டதற்கு, "எங்கட டொக்டரிட்டை வாற சனம் இந்தப் பல்லுத்தான் நோகுது எண்டு ஒண்டைக் காட்டும். நோகிறது வேறயாயிருக்கும். காட்டின பல்லைப் பிடுங்கினால் என்ன நடக்கும்?" என்றார். நான் என் கடைவாயைத் தடவிக்கொண்டேன்.

இந்தப் பிடிவாதத்தில் முதலில் மாட்டியது என்னுடைய அண்ணை. பாடனில் இருக்கிறார், தொழிற்சாலை வேலை, வாய் கொஞ்சம் நீளம். மகளுக்கு இரண்டு சம்பந்தம் வந்திருந்தது, ஒன்று லண்டன், ஒன்று பேர்ன். இரண்டும் பொருந்துகிறது என்று சாத்திரி சொல்லிவிட்டதால் மனிதருக்கு நித்திரை இல்லை. நான்தான் வாயைக் கொடுத்து, மேல்வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றேன். சாதகத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"எந்த மாப்பிள்ளையைச் செய்யிறது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றார் அண்ணை.

"மகள் எங்கை?"

"அவ படிக்கிறா. அவ ஏன்?"

"அவவின்ர கேள்வி. அவ வந்து கேக்கட்டும்."

"நான் தகப்பன்!"

"ஓம். தகப்பனுக்கும் ஒரு கேள்வி இருக்கும். அதைக் கேளுங்கோ."

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து வந்தவர் படி முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டே இறங்கினார். "கேள்வி கேக்கவும் லைசென்ஸ் எடுக்கவேணுமாமோ? பெத்து வளர்த்தது நான், கேள்வி மட்டும் அவளின்ரயோ?" எனக்கும் மேல்வீட்டுக்காரியில் கோபம்தான். வந்த மனிதரை அப்படியா அனுப்புவது?

கொஞ்ச நாளில் அண்ணை எனக்குச் சொல்லாமல் தனியாக வந்து போயிருக்கிறார். சாதகம் இல்லை, மெழுகுதிரி மட்டும். என்ன கேட்டார் என்று மனுசி கடைசிவரைக்கும் சொல்லவில்லை. அது அண்ணையுடைய கேள்வியாம். ஆனால் அடுத்த நாள் அண்ணையின் மகள் எனக்கு ஃபோன் எடுத்தாள், குரல் பதறிக்கொண்டு. "மாமி, அப்பாவுக்குச் சுகமில்லையோ? எனக்கு என்ன விருப்பம் எண்டு கேக்கிறார்!"

லண்டனும் இல்லை, பேர்னும் இல்லை என்று ஆகிவிட்டது. அவள் இப்போது தன்னோடு படித்த ஒரு பெடியனைக் கட்டி நன்றாக இருக்கிறாள். அண்ணை அந்தப் பெடியனோடுதான் மீன் பிடிக்கப் போகிறார்.

எங்கள் கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று எல்லாருக்கும் ஒரே நாளில் அறிவித்தல் வந்தபோதும் அவர் அப்படித்தான். சூரிச்சில் இது இப்போது எல்லாத் தெருவிலும் நடக்கிறது. நாங்கள் எல்லோரும் நிலவறையில் மெஷினைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தோம். வழக்குப் போடுவதா, பேசாமல் போவதா? விதையைக் கேளுங்கள் என்றார் ஒருவர். "இது கேள்வியில்லை, சத்தம்" என்றார் மனுசி. "எல்லாருக்கும் சேர்த்து ஒண்டைக் கேக்கேலாது. ஒவ்வொருத்தராய் வாங்கோ." சனம் போனது. முதல் மாடிச் சுவிஸ் கிழவி, பிறந்ததிலிருந்து ஓர்லிகோனை விட்டு அசையாதவர், வீட்டைப் பறிக்கிறார்கள் என்று அழுதுகொண்டு போனார். மனுசி விதையைப் பரப்பிக் கதைக்க விட்டால், கிழவிக்கு வீடு போவது பெரிய விஷயமே இல்லை. பூனையைச் சேர்க்கிற வீடு கிடைக்காது என்பதுதான் பயம். அது தெரிந்ததும் நாங்கள் எல்லாருமாகப் பூனையைச் சேர்க்கிற வீடாகப் பார்த்துத் தேடினோம், கிடைத்தது. கிழவிக்கு அங்கே பல்கனியும் உண்டு.

மனுசி மகளோடு இருக்கச் சுவிசில் பிரெஞ்சு கதைக்கிற பக்கம் போய்விட்டார். முதலில் காலைகளில் ஒரு குரல்செய்தி வரும், "இண்டைக்கு விதை நாள், ஏதாவது தொடங்கும்" என்று. பிறகு அதுவும் குறைந்தது. எனக்கு அதில் மனவருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். எவ்வளவோ பேரைத் தெரியும் எனக்கு, ஆனால் மனம் அவரைத்தான் தேடுகிறது.

அவர் எப்படி இப்படி ஆனார் என்று ஒருமுறை கேட்டேன். இளம் வயதில் ஏதோ வருத்தம் வந்து படுத்தாராம், டொக்டர்மாருக்கும் பிடிபடவில்லை. நாட்களைக் காக்கிற வேலைக்கு உன்னைக் கூப்பிடுகிறது, படித்தால் மாறும் என்றார்களாம். படித்தார், மாறியது. "நல்லதுதானே?" என்றேன். "நல்லதுதான். ஆனா எனக்கு விருப்பமோ எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை" என்றார், பல் மினுக்குகிற கருவியைத் துடைப்பது மாதிரி ஒரு கரண்டியைத் துடைத்துக்கொண்டு. அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி என்னுடைய விஷயம், கட்டிடத்தை இடிக்கிற அறிவித்தல் வர முதல் நடந்தது. அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

என் கணவர் செத்துக் கன வருசமாகியிருந்தது. காலையில் வேலைக்குப் போனவர், வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். செத்தவீட்டில் அவருடைய தாய், என் மாமி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "செவ்வாய்க் குற்றத்தை மறைச்சு என்ர பிள்ளையின்ர தலையில கட்டிவிட்டவை." என் சாதகத்தில் செவ்வாய் இருந்தது மெய். கழிவு உண்டு என்று இரண்டு பக்கத்துச் சாத்திரிமாரும் சொல்லித்தான் கலியாணம் நடந்தது, மறைக்கவில்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. அது எனக்குள்ளே போய் இருந்துவிட்டது. பகலில் நான் அதை நம்பவில்லை. இந்த நாட்டில் எத்தனையோ பேருக்கு நெஞ்சு வருத்தம், அவர்களின் மனைவிமாருக்கு எந்தச் செவ்வாய்? இப்படி எனக்கே சொல்லுவேன். பிறகும் அது போகாது.

சோலோதுர்னில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டில் ஒருவரைச் சந்தித்தேன். அங்கேயே பஸ் ஓட்டுகிறவர். தங்கச்சிமார் எல்லாரையும் கரை சேர்த்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் தனக்குத் தலை நரைத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டு சொல்லுகிறவர். பந்தியில் எனக்கு வடையைப் போட்டுவிட்டு, கேளாமலே இன்னொன்றும் போட்டார். பிறகு ஃபோனில் கதைத்தோம். பிறகு கிழமையில் ஒருநாள் ஓல்டன் ஸ்டேஷனில் கோப்பி. எனக்கும் பாதித் தூரம், அவருக்கும் பாதித் தூரம். ஒருநாள் என் ரயில் வர, அவர் என் பையைக் கையில் தந்துவிட்டுக் கேட்டார்: "நாங்கள் ரெண்டு பேரும் ஏன் ஒவ்வொரு முறையும் வேற வேற ரயில்ல திரும்பிப் போறம்?"

எனக்கு விளங்காமல் இல்லை. ஓர்லிகோன் வரும்வரைக்கும் யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. நேரே மேல் மாடிக்குப் போனேன்.

"என்ர மகள் இதுக்கு என்ன சொல்லுவாள் எண்டு பாரும்" என்றேன்.

"மகளின்ர வாயில இருக்கிறதை விதையில தேடச் சொல்லுறீரோ? இது அவவின்ர கேள்வி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எவ்வளவு தோய்க்கிற நாள் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்! தேத்தண்ணியைக் குடிக்காமல் இறங்கி வந்து, அதே கோபத்தோடு மகளிடம் கேட்டுவிட்டேன். அவள் காப்பீட்டுக் கம்பனியில் வேலை செய்கிறவள், எதற்கும் முகத்தை மாற்றமாட்டாள். "அம்மா, நீங்கள் ஒவ்வொரு கிழமையும் ஓல்டனுக்கு மரக்கறி வாங்கவோ போறியள் எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்ல ஆளோ?" என்று கேட்டாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.

அடுத்த கிழமை போய், சனம் என்ன கதைக்கும் என்று கேட்டேன். "சனத்தைக் கூட்டிக்கொண்டு வாரும், கேப்பம். கதிரை காணுமோ தெரியேல்லை" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிய, வாய்க்குள் வேறு ஒன்றும் மிச்சம் இல்லாமல் போய்விட்டது. "நான் அவருக்கு ஓம் எண்டு சொல்லவோ?" என்றேன்.

"இது உம்மட கேள்வி" என்று எழுந்து துணியை விரித்தார்.

நான் மெழுகுதிரி கொண்டுபோகவில்லை. தன்னுடையதைக் கொளுத்தினார். மலைகளைக் கூப்பிட்டார், ஊட்லிபேர்க்கையும் கூப்பிட்டார். கைப்பிடி அள்ளி நாலு நாலாக வைத்து எண்ணினார். கடைசிக் குவியலில் விரலை வைத்தவர் எடுக்கவில்லை. திரும்பவும் எல்லாவற்றையும் கலைத்து அள்ளி எண்ணினார். அதே நாள். "சாவு" என்றார்.

நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினேன். "பயப்பிடாதேயும். அது கெட்ட நாள் இல்லை. செத்த ஆக்கள் வந்து பக்கத்தில இருந்து கதைக்கிற நாள். இந்தக் கேள்விக்குள்ள ஒரு செத்தவர் இருக்கிறார். உமக்கு இது எங்கை தொடுது?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல இருந்துவிட்டார்.

அந்த மனுசிக்கு என் கணவர் செத்தது தெரியும். மாமி சொன்னது தெரியாது. அந்தச் சொல் எனக்குள்ளே இருந்துவிட்டது எவருக்கும் தெரியாது, மகளுக்கும்கூட. அன்றைக்குத்தான் முதல்முறை வாயைத் திறந்தேன். செவ்வாய் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். ராகு காலத்தைச் சொன்ன ஜெர்மன் இதற்குப் போதாமல் போய், நடுவில் தமிழில் சொன்னேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டேன்: "இவரைக் கட்டினால் இவரும் செத்துப்போவாரோ? அதைப் பாரும். அது ஒண்டுதான் எனக்குத் தெரியவேணும்."

அவர் விதைகளில் இருந்து கையை எடுத்தார்.

"அது அவற்ற கேள்வி. அவற்ற உயிர். அவருக்குத் தெரியுமோ நீர் இப்பிடிப் பயப்பிடுறது?"

"இல்லை."

"அவற்ற கேள்வியை நீர் எடுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறீர். கொண்டுபோய்க் குடும்."

திட்டினார் என்றால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்படிக் கையைப் பிடித்தது சொன்னதைவிடப் பயமாக இருந்தது. இவரிடம் போய், என்னைக் கட்டினால் நீங்கள் சாகக்கூடும் என்று சொல்லுவதா? கேட்டுவிட்டு மனிதர் எழுந்து போனால்? எங்கள் ஆட்கள் செவ்வாய் என்றால் எவ்வளவு நம்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா? சொல்லாமல் விட்டால் அவரும் இருப்பார், கோப்பியும் இருக்கும். சொன்னால் ஓல்டனுக்கே போகவேண்டிய தேவை இல்லாமல் போகலாம்.

சொன்னேன். அதே கோப்பிக் கடையில், கோப்பையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் விடாமல். மேல்வீட்டுக்காரியைப் பற்றியும் சொன்னேன், இது உங்களுடைய கேள்வியாம், விரும்பினால் வந்து கேட்கலாமாம் என்றும் சொன்னேன். எப்போதும் பகிடி விடுகிறவர் சீனிப் பைக்கற்றை மடித்துக்கொண்டே இருந்தார். ரயில் வந்தது. பையைத் தந்தார். "நான் யோசிக்கவேணும்" என்றார்.

அந்தக் கிழமை நான் பட்டதை என்னவென்று சொல்லுவது? ஃபோன் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. சோறு கரிந்தது, இரண்டு முறை. "நீர்தான் கெடுத்தது!" என்று மேல் மாடிக்குப் போய்க் கத்தினேன். மனுசி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார், ஒரு சமாதானமும் சொல்லவில்லை. ஒரு கிண்ணத்தில் சோளமாக் கஞ்சி தந்து அனுப்பினார். அதையும் கோபத்தோடேயே குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. சோலோதுர்ன்காரர் நின்றார், இஸ்திரிக்கை போட்ட சேட்டு, கையில் ஒரு மெழுகுதிரி. கடையில் நல்லதாக எது என்று தெரியாமல் நத்தார்ப் பண்டிகைக்குக் கொளுத்துகிற மெழுகுதிரி வாங்கி வந்திருக்கிறார், தங்கக் கோடு போட்டது. "மேல போவமோ?" என்றார்.

மனுசி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இருக்கச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். துணி, மெழுகுதிரி, விதைகள், மலைகள். நான்தான் நடுவில் இருந்து, அவருடைய ஜெர்மன் தட்டுப்படுகிற இடங்களில் மொழிபெயர்த்தேன்.

"உங்கட கேள்வியை இவ கொண்டுவந்து தந்தவ. கேக்கப்போறியளோ?" என்று மனுசி கேட்டார்.

"இல்லை. நான் சாகிறதைப் பற்றிக் கேக்க வரேல்லை" என்றார் அவர். "செவ்வாய் இல்லாதவையும் சாகினம்தானே. ஒரு கிழமையாய் யோசிச்சுப் பாத்தன். நான் தனிய இருந்தாலும் சாவன், இவவோட இருந்தாலும் சாவன். எனக்கு அதில தெரியவேண்டியது ஒண்டும் இல்லை. எனக்கு வேற ஒரு கேள்வி இருக்குது."

"கேளுங்கோ."

மனிதர் என் பக்கம் திரும்பவில்லை. விதைகளைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லுகிற குரலில், சத்தமாகவும் தெளிவாகவும் கேட்டார்.

"இவ செவ்வாயைச் சொன்னவ, மாமியைச் சொன்னவ, மகளைச் சொன்னவ, சனத்தைச் சொன்னவ. ஒண்டை மட்டும் சொல்லேல்லை. இவவுக்கு என்னில விருப்பமோ?"

அதை நான் மொழிபெயர்க்கவேண்டும். எப்படியோ சொல்லி முடித்தேன். மனுசி அள்ளப்போன கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கண்ணில் சிரிப்பு ஓடியதைக் கண்டேன்.

"அது உங்கட கேள்வி இல்லை" என்றார் அவரிடம். பிறகு கதிரையை முழுவதாக என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் முதல் கலியாணத்துக்கு ஒன்பது கிரகத்தையும் கேட்டார்கள், பெரியப்பாவைக் கேட்டார்கள், கனடாவில் இருந்த சித்தப்பாவைக்கூட ஃபோன் எடுத்துக் கேட்டார்கள். இந்த வயதில், தாலி கட்டி, பிள்ளை பெற்று, கட்டினவரைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த பிறகு, இதை ஒருவர் என்னிடம் கேட்கிறார். ஜெர்மனில் சொல்லவேண்டுமா தமிழில் சொல்லவேண்டுமா என்றுகூடத் தெரியவில்லை.

"ஓம்" என்றேன்.

மனுசிக்கு அதை ஒருவரும் மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை.